தங்கக் காசு ஒண்டை எப்பிடிப் பாக்கிறது

செட்டியார் தெருவில குடுத்து உருக்கிறதுக்கு முன்னம் வீட்டில கிடக்கிற பழைய பவுணை ஒரு பத்து நிமிசம் பாருங்கோ, இதைத்தான் நான் முதல்ல சொல்ல வாறன். நகைக்கடையில "எத்தின பவுண்" எண்டு கேக்கிறமே, அந்த அளவே ஒரு காசிலயிருந்து வந்ததுதான், பிரிட்டிஷ் சவரின், 7.98 கிராம், 22 கரட், குறுக்கால 22 மில்லிமீற்றர். அம்மம்மாவின்ர தாலிக்கொடியில அப்பிடி ரெண்டு கிடந்தது, வெள்ளவத்தை வீட்டில எத்தினையோ வருசம் அதைத் தினமும் கண்டும் நான் ஒருநாளும் *பாக்கேல்ல*.

சரி, எப்பிடிப் பாக்கிறது. மேசையில தடிப்பான துவாய் ஒண்டை விரியுங்கோ, கை நழுவினாலும் காசு நிலத்தில விழக்கூடாது. கையைக் கழுவித் துடைச்சுப்போட்டு விளிம்பில மட்டும் பெருவிரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் பிடியுங்கோ, காசின்ர முகத்தில விரல் பட்டால் வியர்வை ஒட்டும், 22 கரட்டில செம்பு கலந்திருக்கிறதால பிறகு சிவப்புப் புள்ளி வரலாம், எங்கட கடல்காத்தில இது சும்மா சொல்லுற பயம் இல்லை. வீட்டு ரியூப் லைட் சரிவராது, எல்லாப் பக்கத்தாலயும் வெளிச்சம் வந்தால் காசு தட்டையாத் தெரியும். எல்லா லைட்டையும் நிப்பாட்டிப்போட்டு ஒரே ஒரு மேசை லைட்டைப் பக்கவாட்டில வச்சு, காசை மெல்ல மெல்லச் சரிச்சுப் பாருங்கோ, அப்பதான் பின்பக்கத்தில வீரன் ஏறியிருக்கிற குதிரையின்ர நெஞ்சு எழும்பி வரும், அதின்ர காலடியில கிடக்கிற டிராகனின்ர செட்டை தெரியும், எனக்கு முதல் தரம் அப்பிடித் தெரிஞ்ச அண்டைக்கு நான் இரவு 1 மணி வரைக்கும் எழும்பேல்ல.

அந்தக் குதிரைவீரன், டிராகனைக் கொண்ட கதையில வாற கிறிஸ்தவப் புனிதர் சென்ற் ஜோர்ஜ். பெனெடெற்றோ பிஸ்ற்றூச்சி எண்ட இத்தாலிக்காரர் செதுக்கி 1817ல வந்த டிசைன், இண்டைக்கும் சவரினில இருக்கு. அடியில வருசத்துக்குப் பக்கத்தில பி.பி. எண்டு அவரின்ர ரெண்டு குட்டி எழுத்துக் கிடக்கும், 10 மடங்கு லென்ஸ் இருந்தால் தேடுங்கோ. அதைவிட முக்கியம், குதிரையின்ர காலடியில, நிலத்தில, வருசத்துக்குச் சரியா மேல ஒரு எழுத்து இருக்கோ எண்டு பாக்கோணும். எஸ் எண்டால் சிட்னி, எம் எண்டால் மெல்பேர்ன், பி எண்டால் பேர்த், சி எண்டால் கனடாவின்ர ஒட்டாவா, எஸ்.ஏ. எண்டால் தென்னாபிரிக்காவின்ர பிரிட்டோரியா, எழுத்தே இல்லையெண்டால் பெரும்பாலும் லண்டன். பழைய காசில ஐ இருந்தால் பம்பாய், 1918 எண்ட ஒரே ஒரு வருசம் போட்டுத்தான் அங்க அடிச்சவங்கள். அம்மம்மாவின்ரதில ஒண்டு விக்ரோறியா ராணி முக்காட்டோட இருக்கிறது, காலடியில எம். மெல்பேர்னில அடிச்ச காசு கடல் தாண்டி எங்கட குடும்பத்துக் கொடியில வந்து ஏறியிருக்கு, உருக்கியிருந்தால் அது ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது.

கழுவாதேங்கோ. புளி, பூந்திக்கொட்டை, பற்பசை, பொலிஷ் துணி ஒண்டும் வேண்டாம். நான் ஒரு கடையில வளையத்தைக் கழட்டித் தாங்கோ எண்டு குடுத்த காசை அவங்கள் நல்லது செய்யிறதா நினைச்சுப் பளபளவெண்டு தேய்ச்சுத் தந்துபோட்டாங்கள், லென்ஸில பாத்தால் முழுக்க மயிர்க்கீறல், எனக்கு அழுகை வந்திட்டுது. காசின்ர அந்த மேல்தோல் ஒருக்காப் போனால் போனதுதான். வளையம் ஒட்டின காசும் காசு சேர்க்கிறவை குடுக்கிற விலைக்குப் போகாது, தங்க விலைதான், ஆனால் பாத்து ரசிக்கிறதுக்கு அதால ஒரு குறையும் இல்லை.

இனி போலி விசயம். 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு வாங்குங்கோ. நிறை பாத்த பிறகு, ஒரு கப் தண்ணியைத் தராசில வச்சுப் பூச்சியமாக்கி, காசைத் தையல் நூலில கட்டி அடியில முட்டாமல் தண்ணிக்குள்ள தொங்க விடுங்கோ, சவரின் எண்டால் சுமார் 0.45 கிராம் காட்டும், கூடக் காட்டினால் உள்ளுக்கு வேற உலோகம். 24 கரட் காசுக்கு இதை மட்டும் நம்பேலாது, டங்ஸ்டன் எண்ட மலிவான உலோகத்தின்ர அடர்த்தி தங்கத்தோட கிட்டத்தட்ட ஒண்டு. சவரினிலயும் ஒரு சிக்கல் இருக்கு, 1950களில இத்தாலி, லெபனான் பக்கம் அடிச்ச போலியள் கனக்க நல்ல தங்கத்திலயே செய்தது, அதால நிறையும் உரைகல்லும் பாஸாகிவிடும், எழுத்தின்ர விளிம்பு மழுங்கியிருக்கோ, இலக்கம் தடிப்பா இருக்கோ எண்டு நல்ல காசின்ர படத்தோட ஒப்பிட்டால்தான் பிடிபடும். பெரிய விலைக்கு வாங்கிறதெண்டால் காசைச் சோதிச்சுத் தரம் போடுற பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. நிறுவனத்தின்ர பிளாஸ்ரிக் கூட்டில அடைச்சதை வாங்கி, அதில இருக்கிற நம்பரை அவங்கட வெப்சைற்றில அடிச்சுப் படத்தையும் ஒப்பிடுங்கோ, கூட்டையும் போலியாச் செய்யிறாங்கள்.

கையில காசு இல்லாதவைக்குக் கொழும்பிலயே இடம் இருக்கு. கோட்டை சதாம் வீதியில மத்திய வங்கியின்ர பொருளாதார வரலாற்று நூதனசாலை, கறுவாத்தோட்டத்தில தேசிய நூதனசாலை. இலங்கையின்ர பழைய கஹவனு எண்ட தங்கக் காசைத் தேடிப் பாருங்கோ, கோட்டுக் கோடா ஒரு மனுசன் நிப்பார், நாகரி எழுத்தில ஸ்ரீ லங்கா விபூ எண்டு இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிறதைச் சரிக்க ஏலாது, அதால நீங்கள்தான் குனிஞ்சு நிமிந்து சரியோணும், வெட்கப்படாதேங்கோ.

வெளிநாட்டுக் காசில எனக்கு உயிர் வெனிஸ் டுகாற். 1284ல தொடங்கி 1797ல வெனிஸ் குடியரசு விழும்வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே படம், மூண்டரைக் கிராம், ஏறக்குறையச் சுத்தத் தங்கம். புனித மாற்கு நிண்டு கொடி குடுக்க வெனிஸ் ஆட்சியாளர் முழங்காலில இருந்து வாங்குவார். இந்தக் காசு வியாபாரத்தில தென்னிந்தியாவுக்கு வந்து நகையில ஏறினபோது தமிழாக்கள் அந்தக் கொடிக்கம்பத்தைப் பனைமரமாவும் ஆளைப் பனையேறியாவும் பாத்திருக்கினம். படத்தைத் திறந்து வச்சுக்கொண்டு கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பாருங்கோ, உண்மையாப் பனைமரம் தெரியும்!

கோடிக்கணக்கில போறதுகளையும் ஏல நிறுவனங்கள் போடுற பெரிய படங்களில சும்மா பாக்கலாம். 1933ம் ஆண்டு அமெரிக்க டபுள் ஈகிள் எண்ட 20 டொலர் தங்கக் காசு, 445,500 அடிச்சும் வெளியில விடாமல் கிட்டத்தட்ட எல்லாத்தையும் உருக்கிப்போட்டாங்கள், தனியார் சட்டப்படி வச்சிருக்கக்கூடிய ஒரே ஒண்டு 2021ல 18.9 மில்லியன் டொலருக்குப் போனது. பிரிட்டிஷ் அரசர் எட்டாம் எட்வேர்ட்டின்ர 1937 சவரினைப் பாக்கேக்க முகம் எந்தப் பக்கம் எண்டு கவனியுங்கோ. ஒவ்வொரு அரசருக்கும் பக்கம் மாறி வரோணும் எண்டது வழமை, இவர் தனக்கு இடப்பக்கம்தான் வடிவு எண்டு தகப்பனைப் போலவே இடம் பாத்தார், காசு வெளிவர முன்னமே முடியைத் துறந்தார்.

இதெல்லாம் பாத்துப்போட்டுத் திரும்பி அம்மம்மாவின்ர பவுணை எடுத்துப் பாருங்கோ, பி.வி.சி. பிளாஸ்ரிக் இல்லாத சின்னக் கவரில, ஈரத்தை உறிஞ்சிற சிலிக்கா ஜெல் பக்கெற்றோட வையுங்கோ, வருசமும் காலடி எழுத்தும் ஒரு கொப்பியில எழுதி, ஆரிட்டையிருந்து ஆருக்கு வந்தது எண்டதையும் கீழ எழுதிவிடுங்கோ.