ஊருக்குப் போகிறவர்கள் பெட்டிக்குள் வைக்க வேண்டிய சில சாமான்கள்

யாழ்ப்பாணத்துக்கோ வன்னிக்கோ மட்டக்களப்புக்கோ விடுமுறையில் போகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: நீங்கள் வாழும் நாட்டில் தொட்டியில் போட்ட குப்பையை யாரோ வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், அதன் பிறகு அதைப் பற்றி நீங்கள் யோசிப்பதே இல்லை. ஊரில் பிரதேச சபை வண்டி வருகிற ஒழுங்கைகளும் இருக்கின்றன, வராத ஒழுங்கைகளும் இருக்கின்றன. வராத இடத்தில் நீங்கள் குடித்துவிட்டுப் போட்ட தண்ணீர்ப் போத்தல் வளவின் பின்பக்கக் கிடங்கில் கிடக்கும், இல்லாவிட்டால் பின்னேரம் சருகோடு சேர்த்துக் கொளுத்தப்படும். அந்தப் புகை உங்கள் மாமிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும்தான். அதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், மேலே சேருகிற அழுக்கு மழையோடு சுலபமாகக் கிணற்றுக்கு இறங்கிவிடும்.

சரி, இந்தக் குப்பையைக் குறைக்க என்ன கொண்டு போவது? மடித்தால் கைக்குள் அடங்குகிற துணிப்பை இரண்டு மூன்று, ஆளுக்கொரு எவர்சில்வர் போத்தல், இறுக்கமாக மூடும் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றிரண்டு, ஆளுக்கொரு கரண்டி, கைக்குட்டை. போத்தலையும் பெட்டியையும் வெறுமையாக வைக்காமல் உள்ளே காலுறை, மருந்து என்று எதையாவது அடைத்தால் இடமும் மிச்சம். சந்தைக்குப் போகிற பெரிய பையை இங்கிருந்து வாங்கிக்கொண்டு போக வேண்டாம், பனையோலையிலும் பன் புல்லிலும் இழைத்த நல்ல பைகள் ஊரிலேயே இருக்கின்றன, அந்தக் காசு அங்கேயே போகட்டும்.

தண்ணீர்தான் பெரிய விஷயம். வெயிலுக்குள் அலையும்போது ஒரு குடும்பம் நாள் முழுக்க வாங்கித் தள்ளுகிற அரை லீற்றர் போத்தல்களை எண்ணிப் பார்த்தால் தெரியும். கையில் கொண்டுபோகும் போத்தல் மட்டும் விமான நிலையத்தில் சோதனை முடியும்வரை வெறுமையாக இருக்கட்டும், தாண்டியபின் நிரப்பிக்கொள்ளலாம். வீட்டில் இரவே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, காலையில் எல்லாருடைய போத்தலையும் நிரப்பிவிட்டு வெளிக்கிடுங்கள். வாய் அகன்ற போத்தலாக வாங்குங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கொஞ்ச நாளிலேயே அடியில் வெள்ளையாகப் படியத் தொடங்கும். தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்துத் தேய்த்தால் கழன்றுவிடும், ஆனால் கையோ பிரஷோ உள்ளே போக வேண்டுமே. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தோட்டக் காணிகளை அண்டிய கிணறுகளில் பசளையால் நைத்திரேற்று கூடுதலாக இருக்கும், அது கொதிக்கவைத்தாலும் போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டாம், வாங்கிய தண்ணீரையே பாவியுங்கள், அதையும் சின்னச் சின்னப் போத்தலாக இல்லாமல் 5 லீற்றராக வாங்குங்கள். கூட்டமாகப் போய் நிற்கிற வீடென்றால் திருப்பிக் கொடுத்து மாற்றக்கூடிய 19 லீற்றர் கான் எடுப்பது இன்னும் நல்லது.

இலங்கைச் சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீற்றும் றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியும் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்து சில மாதங்களில் வந்த தடை அது. 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, முள்ளுக்கரண்டி, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் பூமாலை எல்லாம் தடையில் சேர்ந்தன. 2025 நவம்பர் 1 முதல் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது. ஆனாலும் கடையில் கேட்காமலே பை கைக்கு வந்துவிடும், அதனால் சாமானை நிறுக்கும்போதே "அண்ணை, பை வேண்டாம், இதுக்குள்ள போடுங்கோ" என்று சொல்லிவிடுங்கள். கட்டி முடித்தபிறகு சொன்னால் அந்தப் பை எப்படியும் குப்பைதான்.

சாப்பாட்டுக் கடைகளில் இன்னொன்று நடக்கும். கோப்பையைக் கழுவும் வேலை மிச்சம் என்று அதன்மேல் மெல்லிய பொலித்தீன் தாளை விரித்துச் சோற்றைப் போடுவார்கள், சூடான கறி நேரே அதன்மேல் விழும். "சீற் போடாமல் தாங்கோ" என்று கேளுங்கள், வாழையிலை இருந்தால் அதைக் கேளுங்கள், ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். பார்சல் எடுப்பதென்றால் மதியச் சன நெரிசலுக்கு முன்பே பெட்டியோடு போய்விடுங்கள், இல்லாவிட்டால் சோறு ஒரு தாளிலும் சொதி, குழம்பு, சாம்பார் ஒவ்வொன்றும் தனித்தனிக் குட்டிப் பையிலுமாக வந்து சேரும். மீன் வாங்கவும் மூடியுள்ள பெட்டிதான் வசதி, தண்ணீர் ஒழுகாது, வாகனத்தில் மணமும் குறைவு.

குறிகாட்டுவான் துறையில் படகேறி நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போனால் கொண்டுபோன வெற்றுப் பைக்கற்றுகளை அப்படியே திருப்பிக் கொண்டுவாருங்கள், தீவில் போட்டால் அது கடலுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. பழைய பற்றறிகளை ஊரில் விடாமல் உங்களோடு எடுத்துவந்து முறையாகக் கழிக்கலாம். சொக்கிளேற், விளையாட்டுச் சாமான்களின் வெளிப்பெட்டி, பிளாஸ்டிக் உறையையெல்லாம் புறப்படும் முன் வீட்டிலேயே கழற்றிவிட்டால் பாரமும் குறையும்.

இதையெல்லாம்விடக் குப்பை சேருகிற பெரிய இடம் ஒன்று இருக்கிறது, வீட்டு நிகழ்வுகள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் செய்கிற பிறந்தநாள், சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று எதை எடுத்தாலும் வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு அரை லீற்றர் போத்தலைக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 200 பேர் வந்தால் 200 போத்தல், அதில் பாதி குடித்து முடியாமலே கதிரைக்குக் கீழே கிடக்கும். நீங்கள் துணிப்பையால் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு மத்தியானத்தில் போய்விடும். காசு கொடுப்பது நீங்கள் என்றால் சொல்லும் இடமும் உங்களுக்கு இருக்கிறது. கதிரை, பந்தல் வாடகைக்கு எடுக்கும்போதே எவர்சில்வர் தம்ளரும் பெரிய தண்ணீர்க் கானும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், தம்ளர் கழுவ இரண்டு பேரைச் சம்பளத்துக்குப் பிடியுங்கள், இதை விமானம் ஏறுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே தொலைபேசியில் பேசி முடித்துவிடுங்கள். போய் இறங்கும்போது போத்தல் பெட்டிகள் விறாந்தையில் அடுக்கியாயிற்று என்றால் பிறகு சித்தப்பாவோடு வாதாடிப் பயனில்லை.