கச்சேரி இரைச்சலில் காது தளர்ந்தவர் எங்கே உட்காருவது?

சென்ற தை மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் மெல்லிசைக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. என் பெரியம்மை மகள், என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், என் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டே "நல்லது அக்கா, ரொம்ப நல்லது" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. கை கழுவும் இடத்தில் அவளுடைய மருமகள் என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள்: "சின்ன அத்தை, மாமாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது என்று அத்தை உங்களிடம் சொன்னார்கள்."

அன்று இரவே அக்காவுக்கு போன் செய்து அழுதேன். அதன்பின் நான்கு மாதம் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. அது பெரிய தவறு. போகாதவர்களுக்கு முதலில் அழைப்பிதழ் குறையும், பிறகு பேச்சு குறையும். இப்போது மறுபடியும் எல்லா இடத்துக்கும் போய் வருகிறேன். எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். எனக்கு வயது 68.

நான் காதை நம்பிப் பிழைத்தவள். 1979இல் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து, தலையில் ஹெட்செட் மாட்டி, ட்ரங்க் கால் என்ற வெளியூர் அழைப்புகளை இணைத்தவள். அந்தக் காலத்து டெலிபோன் லைன் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே சுமந்து வரும். அதற்கு மேலே இருக்கும் கூர்மையான ஒலிகள் வெட்டுப்பட்டுவிடும். ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளின் விளிம்பு மழுங்கி வரும். வயதான காதும் ஏறக்குறைய அந்த லைனைப்போல்தான். உட்செவியில் நத்தைக்கூடுபோல் சுருண்ட பகுதிக்குள் நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. கூர்மையான ஒலிகளை வாங்கும் அணுக்கள் முதலில் அழிகின்றன. அழிந்தவை திரும்ப முளைப்பதில்லை. அதனால் "குரல் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்ற நிலை வருகிறது. பக்கத்தில் இரைச்சலும் சேர்ந்தால் மிச்சமிருக்கும் சொல்லையும் அது மூடிவிடுகிறது.

இன்னொன்றையும் வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது. ஒலி கொஞ்சம் ஏறியவுடன் குத்தும். மெதுவாகப் பேசினால் கேட்கவில்லை என்பவரே, சத்தம் போட்டால் "ஏன் கத்துகிறாய்?" என்பார். இரண்டும் உண்மை, அவர் முரண்டு பிடிக்கவில்லை. கத்தும்போது உயிரெழுத்து நீளுமே தவிர மெய்யெழுத்து தெளிவாவதில்லை. முகத்தைக் காட்டி, நிதானமாகப் பேசுவதுதான் உதவும்.

ஆகவே முதல் வேலை, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பது. சிலருக்குக் குறும்பி, அதாவது காது அழுக்கு, அடைத்திருப்பதுதான் பாதிக் காரணமாக இருக்கும். செவித்திறன் சோதனை செய்து வரைபடம் தருவார்கள். எந்தக் காது நல்ல காது என்று அதில் தெரியும். எனக்கு இடது. கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இனி மண்டபம். வரவேற்புக்கா முகூர்த்தத்துக்கா என்று தேர்ந்துகொள்ள முடியுமானால் முகூர்த்தத்துக்குப் போங்கள். கெட்டிமேளம் கொட்டும் சில நிமிடங்களைத் தாண்டினால் பேச இடம் கிடைக்கும். தவிலுக்கு நேர் எதிரே மட்டும் உட்கார வேண்டாம். வரவேற்புக்குத்தான் போக வேண்டும் என்றால் பாட்டு சூடுபிடிப்பதற்கு முன்னால் போய்ச் சேருங்கள். பேச வேண்டியவர்களிடம் அப்போதே பேசிவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் நான் முதலில் தேடுவது பாக்ஸ் ஸ்பீக்கரை. மேடையின் இரு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கூட்டத்தைப் பார்த்து வைத்திருப்பார்கள். கூர்மையான ஒலி முன்பக்கம் விசிறிபோல் விரியும், பக்கவாட்டில் குறையும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி, அதை அளக்கும் டெசிபல் கணக்கில் 6 குறையும். மண்டபத்துக்குள் அந்தக் கணக்கு செல்லாது. கிரானைட் தரை, கண்ணாடி ஜன்னல், வழுவழுப்பான சுவர் எல்லாம் ஒலியைத் திருப்பி அடிக்கும். கடைசி வரிசைக்குப் போயும் தப்ப முடியாமல் போவது இதனால்தான். மூலை இன்னும் மோசம். இரண்டு சுவர்கள் சேருமிடத்தில் ட்ரம்ஸின் 'தும்' என்ற அடி நெஞ்சில் வந்து விழும். பக்கவாட்டில் கதவு திறந்திருக்கும் இடம், தடித்த திரைச்சீலை தொங்கும் இடம், அலங்காரப் பந்தலின் ஓரம், இவைதான் நம் இடங்கள். தூணுக்குப் பின்னாலும் கொஞ்சம் நிழல் கிடைக்கும், வெயிலுக்குக் கிடைப்பதுபோல.

ஒலி எவ்வளவு என்று தெரிந்துகொள்ள விரும்பினால் செல்போனில் அளக்கலாம். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் வெளியிட்ட செயலி ஐபோனில் இலவசமாகக் கிடைக்கிறது. அவர்கள் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம், 97இல் அரை மணி, 100இல் கால் மணிதான். என் தங்கை மகன் ஒரு வரவேற்பில் அளந்தபோது எண் 97ஐத் தொட்டது. மூன்று மணி நேரம் கைக்குழந்தையோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்து வயிறு கலங்கியது.

சத்தத்தைக் குறைக்கச் சொல்வது எப்படி? மாப்பிள்ளை வீட்டாரிடம் போகாதீர்கள், அவர்களுக்கு ஆயிரம் வேலை. பாடுகிறவரிடமும் சொல்லிப் பயனில்லை. மண்டபத்தின் நடுவிலோ ஓரத்திலோ மேஜை போட்டு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் கருவியோடு உட்கார்ந்திருக்கும் சவுண்ட் சர்வீஸ் தம்பிதான் நமக்கு வேண்டியவர். ஒரு பாட்டு முடிந்ததும் போய், "தம்பி, பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் இருக்கும் பாக்ஸைக் கொஞ்சம் திருப்பி வைக்க முடியுமா?" என்று கேளுங்கள். குறைக்கச் சொன்னால் தயங்குவார். திருப்பச் சொன்னால் பெரும்பாலும் எழுந்து வருவார். உங்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் முன்பணம் கொடுக்கும்போதே ஒலி அளவைப் பற்றிப் பேசி எழுதி வாங்குங்கள்.

காதடைப்பான்கள் இரண்டு ஜோடி எப்போதும் என் கைப்பையில் சின்ன டப்பாவில் இருக்கும். பஞ்சு வைத்துக்கொள்வது ஏறக்குறைய வீண். மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபோம் வகையைச் சரியாகப் பொருத்தினால் நல்ல பலன் உண்டு. கையைக் கழுவி, விரல்களுக்கிடையே உருட்டி மெல்லிய திரிபோல் ஆக்குங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலின் மேல்பகுதியைப் பிடித்து மேலும் பின்னும் இழுங்கள். காதின் வளைந்த பாதை நேராகும். திரியை உள்ளே செலுத்தி, அது விரியும்வரை மனதுக்குள் முப்பது எண்ணி விரல் நுனியால் பிடித்திருங்கள். சரியாகப் பொருந்தினால் உங்கள் குரலே தொட்டிக்குள் பேசுவதுபோல் உள்ளே முழங்கும். இதிலுள்ள குறை, பேச்சும் சேர்ந்து மங்குவது. எல்லா ஒலியையும் சமமாகக் குறைக்கும், இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் வகை இன்னும் நல்லது, விலை கூடுதல். வீட்டில் மிக்சி ஓசைக்கும் குக்கர் விசிலுக்கும் இதைப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். காது அமைதிக்குப் பழகி, சாதாரண ஒலியும் தாங்காமல் போகும். காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட வேண்டாம். பல கருவிகளில் இரைச்சலான இடத்துக்கென்று தனி அமைப்பு உண்டு, பொருத்தியவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

இனி என் தொழில் எனக்குக் கற்றுத் தந்த ஒன்று. லைன் தெளிவாக இல்லாதபோது "என்ன? என்ன?" என்று கேட்கவே கூடாது என்பார்கள். கேட்டால் எதிரே இருப்பவர் அதே வாக்கியத்தை உரக்கச் சொல்வார், மறுபடியும் விளங்காது. விளங்கியதைத் திருப்பிச் சொல்லி, விடுபட்டதை மட்டும் கேட்க வேண்டும். "செவ்வாய்க்கிழமை என்று கேட்டது, எத்தனை மணிக்கு?" எண்களில் இன்னும் கவனம். இருபது, அறுபது, எழுபது மூன்றுக்கும் வால் ஒன்றே. "ஆறு சைபரா, ஏழு சைபரா?" என்று தனித்தனியாகக் கேட்டுவிடுவோம். இன்றும் பந்தியில் இப்படித்தான் பேசுகிறேன். வரிசையின் ஓரத்தில், நல்ல காது உறவினர் பக்கம் வரும்படி உட்கார்ந்து, "அக்கா, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறேன். ப, ம, வ எல்லாம் உதட்டிலேயே தெரியும். விளங்காமல் தலையாட்டுவதை விட்டுவிட்டேன். முக்கியமான பேச்சென்றால் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போகிறேன். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்தில் கோயில் கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா என்றால் குழாய் ஸ்பீக்கர் கட்டாமல் இருக்காது. கொடை நடக்கும்போது போய்ச் சண்டை போட்டால் ஊர்ப்பகைதான் மிஞ்சும். கொடைக்கு வரி பிரிக்க வரும்போதே, வரியைக் கொடுத்த கையோடு, குழாயை வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கட்டாதீர்கள் என்று சொல்லிவிடுவேன். சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்த்தலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் பகுதி. பேசியும் கேட்காவிட்டால் காவல் நிலையத்துக்குப் போன் செய்யத் தயங்காதீர்கள்.

பஸ்ஸில் ஏறியதும் தலைக்கு மேலே ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பார்த்து உட்காருங்கள். பல சுரங்களில் அலறும் ஹாரன் மோட்டார் வாகன விதிகளில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் பஸ் நிலையத்தில் அது காதைப் பிளக்கும், கையால் பொத்திக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம்.

விசேஷம் முடிந்து வந்தபின் காதில் 'ஙொய்' என்ற இரைச்சல் இருந்தால் மறுநாள் முழுவதும் காதுக்கு ஓய்வு கொடுங்கள். டிவியைக்கூட அணைத்து வையுங்கள். இரண்டு மூன்று நாளாகியும் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள். சிகிச்சை தாமதமானால் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு குறைகிறது. அன்றே போங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும்.