எத்தனை அடியில் நிற்பீர்கள்? தெருப்படக் கேமரா வாங்குவதில் நடக்கும் தவறுகள்

தெருவில் படம் எடுக்கும் ஆசை வந்ததும் நான் முதலில் வாங்கியது 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ். மி.மீ. எண் கூடக் கூட லென்ஸ் தூரத்தில் இருப்பதை அருகே இழுத்துக் காட்டும், பார்வை குறுகும். காரணத்தை ஒளிப்பானேன், கூச்சம்தான். எட்ட நின்று எடுத்தால் யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்தக் குழாயைத் தூக்கியதுமே தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எடுத்த படங்களில் தனித்தனி முகங்கள் இருந்தன, பின்னால் வண்ணக் கூழ் இருந்தது. தெருவைத்தான் காணவில்லை. ஆறு மாதம் கழித்து நஷ்டத்துக்கு விற்றேன்.

அந்த லென்ஸில் ஒரு குறையும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் வாங்கியது என் கோளாறு. எது கூர்மை, எது புது மாடல் என்று விசாரிப்பதற்கு முன், எடுக்கப்போகும் ஆளுக்கும் எனக்கும் நடுவே எத்தனை அடி இருக்கப்போகிறது என்று யோசித்திருக்க வேண்டும். நான் பார்த்தவரையில் தெருப்படத்துக்கான கேமரா, லென்ஸ் தேர்வில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைத் தாண்டிப் போவதால் வருபவை.

தூரத்தை அளக்காமல் லென்ஸ் வாங்குவது

ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் எதிரே வருகிறார். கேமராவைப் படுக்கைவாக்கில் பிடித்து, உச்சந்தலை முதல் செருப்புவரை ஃப்ரேமுக்குள் கச்சிதமாக அடக்க வேண்டும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (ஒளியைப் பதியும் சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவில் இருப்பது) 28 மி.மீ. லென்ஸ் இருந்தால் நீங்கள் அவரிடமிருந்து ஆறரை அடியில் நிற்க வேண்டும். 35 என்றால் 8 அடி, 50 என்றால் பதினொன்றரை, 85 என்றால் 20-க்குக் கொஞ்சம் குறைவு. என் ஜூமின் 200 முனையில் 46 அடி! அத்தனை தூரத்தில் நின்றால் நடுவில் யாரும் குறுக்கே வராத கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆள் போய்விடுவார்.

ஆள் எல்லாவற்றிலும் ஒரே அளவில்தான் விழுகிறார், ஆனால் அவருக்குப் பின்னால் இருப்பது மாறிவிடுகிறது. அவருக்கு 20 அடி பின்னால் அதே உயரமுள்ள இன்னொருவர் நிற்கிறார் என்று வையுங்கள். ஆறரை அடியிலிருந்து எடுத்தால் பின்னவர் முன்னவரில் கால்வாசி உயரம்தான் தெரிவார். முன், நடு, பின் என்று படத்துக்குள் அடுக்குகள் விழும், தெரு விரியும். 46 அடியிலிருந்து எடுத்தாலோ பின்னவர் பத்தில் ஏழு பங்கு உயரத்துக்கு வந்து முன்னவர் தோளில் ஒட்டிக்கொள்வார். இதைச் செய்வது லென்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். செய்வது நீங்கள் நிற்கும் இடம். லென்ஸ் உங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது, அவ்வளவே.

நீள லென்ஸ் தெருவுக்கே ஆகாது என்றும் ஒரு கூட்டம் சொல்லும். அதுவும் சரியில்லை. சால் லைட்டர் நியூயார்க் தெருக்களை டெலி லென்ஸில் நிறைய எடுத்தவர். மழைத்துளி வழியும் கண்ணாடி, குடையின் விளிம்பு, நடுவே கொஞ்சம் சிவப்பு என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொள்வதுதான் அவர் படங்களின் அழகே. அந்த அப்பல் வேண்டும் என்று தேடி எடுத்தவர் அவர். நான் ஆளைக் கண்டு பயந்து எடுத்தேன். லென்ஸ் ஒன்றாக இருந்து என்ன பயன்?

உங்களுக்கு இயல்பாக வரும் தூரம் எது என்று தெரிந்துகொள்ளக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கேமராவோடு வந்த கிட் ஜூமை 35-க்குச் சமமான இடத்தில் (கணக்கு அடுத்த பகுதியில்) வைத்து டேப் ஒட்டிவிட்டு இரண்டு வாரம் நடங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓரத்தை வெட்டிக்கொண்டே இருந்தீர்களானால் உங்களுக்கு 50 ஒத்துவரலாம். பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டினால் 28. பெரும்பாலான கைபேசிகளின் முதன்மைக் கேமரா ஏறக்குறைய 24 முதல் 28 மி.மீ. பார்வை கொண்டது. அதில் நீங்கள் எடுத்துக் குவித்திருக்கும் படங்களும் ஒரு சாட்சி. 35-இல் ஒரு கூடுதல் வசதி உண்டு. எதிரே இருப்பது எத்தனை அடி தள்ளி இருக்கிறதோ, படுக்கைவாக்கு ஃப்ரேமின் அகலமும் கிட்டத்தட்ட அத்தனை அடி. 10 அடி தள்ளி இருக்கும் சுவரில் 10 அடி அகலம் விழும். கேமராவை எடுக்காமலே ஃப்ரேம் எங்கே வெட்டும் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

மேதையின் லென்ஸ், உங்கள் சென்சார்

பிரெஞ்சுப் படக்கலைஞர் ஹென்றி கார்ட்டியர்-பிரெஸ்ஸான் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸில்தான் எடுத்தார் என்று படித்துவிட்டு உடனே ஒரு 50 வாங்கி, அதை ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய கிராப் சென்சார் கேமராவில் மாட்டுகிறவர்கள் ஏராளம். விலையும் மலிவு, பேரும் பெரியது. ஆனால் ஏபிஎஸ்-சி என்ற கிராப் அளவு சென்சாரில் அந்த 50, ஃபுல் ஃப்ரேமின் 75 பார்க்கும் அளவுக்குத்தான் பார்க்கும். கேனானின் ஏபிஎஸ்-சியில் 80. அதைவிடச் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 100. லைகா கேமராவில் அவருக்குப் பதினொன்றரை அடியில் அடங்கிய ஆள் ஏபிஎஸ்-சியில் உங்களுக்கு 17 அடியில்தான் அடங்குவார். பிறகு 'எனக்கு 50 ஒத்துவரவில்லை' என்று புலம்பல். அவர்கள் 50-ஐப் பயன்படுத்தவே இல்லையே!

ஏபிஎஸ்-சி கேமராவில் 28-இன் பார்வை வேண்டுமென்றால் 18, 35-க்கு 23, 50-க்கு 33 அல்லது 35 வாங்குங்கள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் பாதியாக்கிக்கொண்டால் போதும்.

எஃப் 1.4 மோகம்

தெருவுக்கு லென்ஸ் வாங்கும் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி இது. அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துவாரம்; எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது) எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் உருவப்படம் எடுப்பவர்களிடமிருந்து தொற்றியது.

50 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-இல் திறந்து 10 அடியில் இருப்பவரை ஃபோகஸ் செய்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்துத் தெளிவாக விழும் ஆழம் ஒரே ஒரு அடி. சாதாரணமாக நடப்பவர் அந்த ஓர் அடியைக் கால் நொடியில் கடந்துவிடுவார். ஆட்டோஃபோகஸ் துரத்திப் பிடித்தாலும் ஒரு முகம்தான் தெளிவாக இருக்கும். அவர் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்பது கூழுக்குள் போய்விடும்.

இப்போது 35 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து, ஃபோகஸை 8 அடியில் நிறுத்திவிடுங்கள். ஐந்தரை அடியிலிருந்து 15 அடிவரை எல்லாம் தெளிவு. 28 மி.மீ. லென்ஸில் அதே எஃப் 8, ஃபோகஸ் 11 அடியில் என்றால் ஐந்தரை அடிக்கு அப்பால் தொடுவானம்வரை. ஃபோகஸ் பிடிக்கும் வேலையே கிடையாது. ஆள் அந்த எல்லைக்குள் வந்தால் அழுத்த வேண்டியதுதான். ஆட்டோஃபோகஸ் வருவதற்கு முன்பிருந்தே தெருவில் இப்படித்தான் எடுக்கிறார்கள்.

இதில்தான் இன்னொரு தவறு ஒளிந்திருக்கிறது. இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் தூரத்தைக் காட்டும் எண்கள் கிடையாது. ஃபோகஸ் வளையம் மோட்டாருக்குச் சைகை அனுப்பும் வெறும் திருகு. கேமராவை அணைத்து எழுப்பினால் சிலவற்றில் வைத்த தூரமும் மாறிப்போகும். ஆகவே வாங்குமுன் லென்ஸில் எண் இருக்கிறதா, இல்லையென்றால் திரையில் தூர அளவு தெரிகிறதா, அணைத்தாலும் அது நினைவில் நிற்கிறதா என்று பாருங்கள். ரிக்கோ ஜிஆர் என்ற சிறு கேமரா வரிசையின் ஸ்நாப் ஃபோகஸ் இதற்கென்றே வைத்தது: தூரத்தை முன்பே சொல்லிவிட்டால் பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தியதும் அங்கே போய் நிற்கும்.

இரவுக்கு எஃப் 1.4 வேண்டாமா என்று கேட்பீர்கள். எஃப் 2-க்கும் எஃப் 1.4-க்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இருமடங்கு. சென்சாரின் ஒளி உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓவை 3200-க்குப் பதில் 6400 வைத்தால் ஈடாகிவிடும், இன்றைய சென்சார்கள் அதைத் தாங்கும். அந்த ஒரு ஸ்டாப்புக்காக நாள் முழுவதும் கனமான கண்ணாடியைச் சுமப்பானேன்? எஃப் 2 அல்லது 2.8 போதும். பெரும்பாலும் இரவில் எடுப்பவர் என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஸ்டெபிலைசேஷன் உறையவைக்காது

கேமராவின் உடம்புக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் உள்ள மாடலுக்காகக் கூடுதல் செலவு செய்துவிட்டு, ஷட்டர் 1/60 நொடி திறந்திருக்கும் வேகத்தில் எடுத்து, எல்லோரும் கலங்கித் தெரிகிறார்களே என்று திகைப்பவர்கள் உண்டு. அது அடக்குவது உங்கள் கைநடுக்கத்தை மட்டும். நொடிக்கு நாலரை அடி நடப்பவர் 1/60 நொடியில் ஏறக்குறைய ஓர் அங்குலம் நகர்ந்துவிடுவார். 35 மி.மீ. லென்ஸில் 8 அடியில் அவர் குறுக்கே நடந்தால், 24 மெகாபிக்சல் படத்தில் அது ஐம்பது பிக்சலுக்கு மேல் இழுப்பு. 1/250-க்குக் கீழே போகாதீர்கள், நீங்களும் நடந்துகொண்டே எடுத்தால் 1/500. இதற்குச் செலவே இல்லை.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 24 போதும். நொடிக்கு 20 படம் எடுக்கும் வேகத்துக்கு மயங்குவது பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அமெரிக்கத் தெருப்படக்காரர் கேரி வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது டெவலப் செய்யாத ஃபிலிம் சுருள்களே சுமார் 2,500 கிடந்தன. அதுவும் ஒவ்வொரு படத்துக்கும் லீவரைத் தள்ளி எடுத்த காலத்தில். 20 படத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கும்.

அட்டவணையில் இல்லாதவை

தெருவில் தினமும் உறுத்தும் பல விஷயங்கள் விவர அட்டவணையில் இருக்காது. சுவிட்சைத் தட்டியதும் கேமரா எத்தனை நேரத்தில் எழுகிறது? ஒற்றைக் கையால் எஃப் எண்ணை மாற்ற முடிகிறதா? இடது கண்ணால் பார்ப்பவருக்கு வியூஃபைண்டர் எந்தப் பக்கம்? மூலையில் வியூஃபைண்டர் வைத்த கேமராவை வாங்கிவிட்டு மூக்கைத் திரையில் அழுத்திக்கொண்டு அலையும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருக்கிறது என்பதற்காகவே சிலர் வாங்குகிறார்கள். எல்இடி விளக்குக்குக் கீழே அதில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக விழக்கூடும். வேகமாகப் போகும் வண்டி சாய்ந்து தெரியும். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையில் லென்ஸுக்குள்ளேயே இருந்து இதழ்போல் திறந்து மூடும் லீஃப் ஷட்டர் காதுக்கு எட்டுவதே அரிது, அதற்கு இந்தத் தொல்லைகளும் இல்லை. ஆனால் அந்தக் கேமராவில் லென்ஸைக் கழற்ற முடியாது, 35-இன் பார்வை ஒன்றுதான். முதல் பகுதியில் சொன்ன டேப் சோதனையைச் செய்து பார்க்காமல் அதை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிப்பது.

அதேபோல் ரிக்கோ ஜிஆர் 3. பேட்டரியோடு 257 கிராம், சட்டைப்பையில் போகும், ஜப்பானியத் தெருப்படக்காரர் டைடோ மொரியாமா அந்த வரிசையில்தான் எடுக்கிறார் என்பதெல்லாம் உண்மை. வியூஃபைண்டர் இல்லை என்பதும், ஒரு பேட்டரிக்குச் சுமார் 200 படம்தான் என்பதும் உண்மை. உச்சி வெயிலில் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். திரையைப் பார்க்காமலே எடுக்கப் பழகியவருக்கு அது பிரச்சினையில்லை.

திரை மடங்கும் கேமராவைத் தெருப்படக்காரர்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பது ஏனென்று எனக்குப் புரிவதில்லை. அமெரிக்கத் தெருப்படக்காரர் விவியன் மையர் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவை வயிற்றோடு வைத்துக் குனிந்து பார்த்துத்தான் எடுத்தார். கேமரா முகத்தை மறைக்காதபோது எதிரே இருப்பவர் அவ்வளவு மிரளுவதில்லை. மடங்கும் திரை அதே வேலையைச் செய்கிறது. கார்ட்டியர்-பிரெஸ்ஸான் தன் லைகாவின் பளபளப்பான பாகங்களைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தார். இன்று அதே பளபளப்புக்காகத்தான் பலர் கேமரா வாங்குகிறார்கள்!

பையில் மூன்று லென்ஸ்

28, 50, 85 மூன்றையும் தூக்கிக்கொண்டு போனால் எதற்கும் தயார் என்று தோன்றும். லென்ஸ் மாற்றும் அரை நிமிடத்தில் தெரு காத்திருக்காது, சென்சாரில் தூசி மட்டும் காத்திருந்து உட்காரும். ஜூம் ஆகாத பிரைம் லென்ஸ்தான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கமாட்டேன், சிறிய ஜூம் ஒன்றோடு போனாலும் போகலாம். ஒன்றோடு போங்கள், அவ்வளவுதான். மழையில் எடுப்பவர் கேமரா, லென்ஸ் இரண்டுமே நீர்புகாக் காப்பு உள்ளவையா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்து பயனில்லை. பழையது வாங்கினால் லென்ஸின் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள், பூஞ்சை நூல்நூலாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கடையில் கேமராவைக் கையில் கொடுத்ததும் எல்லோரும் அலமாரியில் இருக்கும் பெட்டியைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். அசையாத பெட்டியை எந்தக் கேமராவும் எடுக்கும். கூட வந்தவரைப் பத்துப் பன்னிரண்டு அடியிலிருந்து உங்களை நோக்கி நடந்து வரச் சொல்லுங்கள். அணைத்த கேமராவைப் பைக்குள்ளிருந்து எடுத்து, எழுப்பி, அவர் உங்களைத் தாண்டுவதற்குள் ஒரு படம். இப்படி ஐந்து தடவை. பிறகு திரையில் பெரிதாக்கி, ஐந்தில் எத்தனையில் அவர் கண் தெளிவாக இருக்கிறது என்று எண்ணுங்கள். நான் இப்போது வைத்திருக்கும் கேமரா அன்று நான்கு எடுத்தது. பக்கத்தில் இருந்த விலை கூடியது இரண்டு.