வெள்ளி ஆடி விழவில்லையா? அம்மோனியாவைக் குறையுங்கள்

கரிமச் சேர்மங்களான ஆல்டிஹைடையும் கீட்டோனையும் பிரித்தறிய டாலன்ஸ் சோதனை போதும் என்பார்கள். அம்மோனியா சேர்த்த வெள்ளிக் கரைசலில் ஆல்டிஹைடு விட்டால் குழாயின் உட்சுவரில் வெள்ளி படிந்து முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும் (அதுதான் ஆடி); கீட்டோனுக்கு அப்படி ஆகாது. போதும்தான். ஆனால் நான் செய்த முதல் மூன்று தடவையும் குழாயில் ஆடி விழவில்லை, கறுப்புச் சேறுதான் மிஞ்சியது. எங்கே கோட்டை விட்டேன் என்பது நான்காவது தடவைதான் புரிந்தது.

கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடங்க வேண்டாம். சில்வர் நைட்ரேட் பட்ட விரல் பல நாள் கறுப்பாகவே இருக்கும்.

படி 1: சோதனைக்குழாயை நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் அலசி, பிறகு வாலைவடிநீரில் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதில் உள்ள குளோரைடு வெள்ளை வெள்ளையாகக் கலங்கடித்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெள்ளி கண்ணாடியில் ஒட்டாது.

படி 2: 0.1 மோலார் சில்வர் நைட்ரேட் 2 மி.லி. எடுத்து, ஒரே ஒரு துளி சோடியம் ஹைட்ராக்சைடு விடுங்கள். பழுப்பு நிறத்தில் சில்வர் ஆக்சைடு வீழ்படிவாகும்.

படி 3: நான் சறுக்கிய இடம் இதுதான். பழுப்பு மறையும்வரை நீர்த்த அம்மோனியா சேர்க்க வேண்டும். நானோ மறைந்த பிறகும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஊற்றினேன். அம்மோனியா கூடினால் வெள்ளி அயனியை அது இறுகப் பிடித்துக்கொள்ளும், ஆல்டிஹைடால் எளிதில் ஒடுக்க (அதாவது உலோக வெள்ளியாக மாற்ற) முடியாது. ஒவ்வொரு துளிக்கும் குழாயைக் குலுக்கிப் பாருங்கள். ஓரிரண்டு பழுப்புத் துகள் மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிடலாம். இதற்கு அளவு உருளை உதவாது, துளிப்பான்தான் சரி.

படி 4: சோதிக்க வேண்டிய பொருளில் சில துளிகள் சேர்த்து, ஒரு முறை கலக்கி, 60 டிகிரி வெந்நீரில் நிறுத்துங்கள். அப்புறம் தொடவே கூடாது. ஆட்டினாலும் ஆல்டிஹைடு அதிகமானாலும் ஆடிக்குப் பதில் கறுப்புத் தூள்தான். நேரடிச் சுடர் கூடவே கூடாது.

அசிட்டால்டிஹைடு சில நிமிடங்களில் பளபளக்கும். கீட்டோனான அசிட்டோன் அப்படியே நிற்கும். ஆல்டிஹைடின் கார்பனைல் கார்பனில் (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன்) ஒரு ஹைட்ரஜன் இருப்பதால் அது எளிதில் அமிலமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. கீட்டோனில் அந்த ஹைட்ரஜன் இல்லை. அதை ஆக்சிஜனேற்ற வேண்டுமானால் கார்பன்-கார்பன் பிணைப்பையே உடைக்க வேண்டும். டாலன்ஸ் கரைசலுக்கு அவ்வளவு பலம் கிடையாது.

படி 5: முடிந்ததும் மீதிக் கரைசலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து வெள்ளிக் கழிவுக் கலத்தில் ஊற்றுங்கள். நாளைக்கு ஆகும் என்று மூடி வைக்காதீர்கள். வைத்திருந்தால் வெடிக்கக்கூடிய சில்வர் நைட்ரைடு உருவாகும்.

ஃபெலிங் சோதனை (நீலச் செப்புக் கரைசலில் ஆல்டிஹைடு சிவப்பு வீழ்படிவு தருவது) எளிது என்று பலர் அதற்கே போவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு, பென்சால்டிஹைடு ஆல்டிஹைடாக இருந்தும் ஃபெலிங்கில் சிவக்காது. டாலன்ஸில் மாட்டிக்கொள்ளும்.

பின்சேர்க்கை: "ஃப்ரக்டோஸ் கீட்டோன்தானே, அதற்கு ஏன் ஆடி விழுகிறது?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். கார்பனைலுக்கு அடுத்த கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி இருப்பதால், காரக் கரைசலில் ஃப்ரக்டோஸ் ஈனால் வடிவம் (இரட்டைப் பிணைப்புக் கார்பனில் ஹைட்ராக்சில் உள்ள வடிவம்) வழியாக குளுக்கோஸாகவும் மேனோஸாகவும் மாறும். அவை ஆல்டிஹைடுகள். ஃபார்மிக் அமிலமும் ஆல்டிஹைடாக இல்லாமலே ஆடி தந்து ஏமாற்றும். அதனால் தெரியாத பொருள் என்றால் முதலில் ஆல்டிஹைடு, கீட்டோன் இரண்டோடும் வீழ்படிவு தரும் 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன் சேர்த்துப் பாருங்கள். மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ வீழ்படிவு வந்தால் மட்டும் டாலன்ஸுக்குப் போகலாம். ஃபார்மிக் அமிலம் அங்கேயே கழன்றுவிடும், ஃப்ரக்டோஸ் கழலாது.