மென்பந்தை விட்டுக் கொழும்புக் கழகத்துக்குப் போக நினைக்கும் தம்பிமாருக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும், மென்பந்துக் கிரிக்கெட் போட்டியைத் தனியாளாக வென்று கொடுக்கும் வேகப்பந்து வீச்சாளன் ஒருவன் இருப்பான். ஒரு காலத்தில் எங்கள் ஊரில் அது நான். பிறகு கொழும்பில் ஒரு கழகத்துக்கு இரண்டு பருவம் கடினப்பந்து விளையாடினேன். அதற்கு முதல் வேறொரு கழகத்தின் வீரர் தெரிவில் தோற்றுத் திரும்பினேன். இப்போது பரந்தனுக்குப் பக்கத்தில் பின்னேரங்களில் பெடியளைப் பழக்குகிறேன். நான் தோற்ற மாதிரி நீ தோற்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பந்து. மென்பந்து என்று நாங்கள் பாவிக்கும் ரெனிஸ் பந்து ஏறத்தாழ 58 கிராம். கடினப்பந்தான தோல் பந்து 156 முதல் 163 கிராம் வரை. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மென்பந்தில் தோளை மட்டும் சுழற்றியே வேகம் எடுத்துவிடலாம். தோல் பந்தில் அப்படிச் செய்தால் இரண்டாம் கிழமையே தோள் பிடித்துக்கொள்ளும். ஆகவே முதல் மாதம் வேகத்தை மறந்துவிடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் 4 ஓவர் போதும். பிறகு 6 ஆக்கு. மூன்றாம் மாதத்தில் காலையில் 6, பின்னேரம் 6. நோவு வந்தால் நிறுத்து, வீரம் காட்டாதே.

அடுத்தது பந்து விழும் இடம். இதில்தான் எங்கள் பெடியள் அடிபடுகிறார்கள். மென்பந்தில் காலடிக்கு யோர்க்கர் போட்டே பேர் எடுத்துவிடலாம். கடினப்பந்தில் ஸ்டம்பில் இருந்து 6 தொடக்கம் 8 மீற்றர் தள்ளி விழும் பந்துதான் துடுப்பாட்டக்காரனை முன்னுக்கா பின்னுக்கா என்று தடுமாற வைக்கும். வெறும் உரப்பை ஒன்றை நாலாக மடித்து அந்த இடத்தில் வை. காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலைக்கும் ஆணி அடி. 24 பந்து வீசி எத்தனை பையில் பட்டது என்று கொப்பியில் எழுது. என்னிடம் வருபவர்கள் முதல் நாள் ஐந்தோ ஆறோதான் படுத்துவார்கள். தொடர்ந்து ஒரு கிழமை 14 வந்த பிறகுதான் நான் கொழும்புக் கதையே எடுப்பேன்.

ஆடுகளம் இல்லை என்று சொல்லாதே. காலபோக அறுவடை முடிந்த வயலில் நாங்கள் புற்றுமண் குழைத்துப் போட்டு, தார்ப் பீப்பாவுக்குள் கொங்கிறீட் ஊற்றிய உருளையால் ஐந்து நாள் உருட்டினோம். நல்ல களம். ஆனால் தெரிவுக்கு முதல் எப்படியாவது இரண்டு, மூன்று தடவை புல் ஆடுகளத்தில் வீசிப் பார்.

நான் பார்க்கவில்லை. இரவு பஸ்ஸில் 300 கிலோமீற்றருக்கு மேல் நித்திரை இல்லாமல் போய், கன்வஸ் சப்பாத்தோடு காலைப் பனி காயாத புல்லில் ஓடினேன். இரண்டாவது பந்திலேயே முன்கால் வழுக்கியது. பயத்தில் ஓட்டத்தை மாற்றினேன், கால் கோட்டைத் தாண்டியது. 12 பந்தில் 5 நோபோல். பெயர்த் தாளில் என் பெயருக்கு மேல் பேனா கோடு இழுத்ததை நின்று பார்த்தேன். இன்றைக்கும் அந்தக் கோடு கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே ஸ்பைக்ஸ் சப்பாத்தை முதலில் வாங்கு, துடுப்புக்குப் பிறகு காசு சேர். ஸ்டம்பில் இருந்து 1.22 மீற்றரில் கால் தாண்டக்கூடாத கோட்டைச் சுண்ணாம்பால் போட்டு, ஓட்டத் தூரத்தை நாடாவால் அள. அந்த எண்ணை மனப்பாடம் செய். தெரிவுக்கு முதல் நாளே போய் கொழும்பு வெள்ளவத்தையில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழும்பு.

இன்னொன்று, பந்தை மினுக்க எச்சில் தொடாதே. 2022 இல் இருந்து அது நிரந்தரத் தடை. வியர்வை பாவிக்கலாம். வன்னி வெயிலில் வளர்ந்தவனுக்கு அதற்கா பஞ்சம்!

கடதாசி வேலையையும் தள்ளிப் போடாதே. மாவட்டச் சங்கத்தில் பதிந்த கழகத்தில் சேர்ந்து கடினப்பந்துப் போட்டி விளையாடு. ஒவ்வொரு ஆட்டமும் முடிய ஸ்கோர் புத்தகத்தைப் படம் எடுத்து வை. கொழும்பில் உன்னை யாருக்கும் தெரியாது, அந்தப் படங்கள்தான் உனக்காகக் கதைக்கும். களத்தில் கப்டன் சொல்வது விளங்கும் அளவுக்குச் சிங்களமும் பழகு.

மேலே போகும் படிகள் இவை: கழகங்களின் மூன்று நாள் ஆட்டங்கள், 2022 இல் தொடங்கிய ஐந்து அணித் தேசிய சுப்பர் லீக், 2020 இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக். அந்த 2020 இல்தான் யாழ் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் ஜஃப்னா அணிக்கு ஆடினார். 2024 இல் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸுக்கு வீசினார். லசித் மாலிங்க காலிப் பக்கத்து ரத்கமையில் மென்பந்தோடு வளர்ந்தவர். 17 வயதளவில்தான் கடினப்பந்துக்கு வந்தார், 2004 இல் டெஸ்ட் ஆடினார். உனக்கு 17 என்றால் பிந்திவிட்டது என்று யாரும் சொல்ல விடாதே.

தெரிவு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவராதே. பயிற்சியாளரிடம் போய், "சேர், நான் எதைத் திருத்த வேணும்?" என்று கேள். நான் கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். போன வருடம் என்னிடம் பழகிய தம்பி கேட்டான். "பந்து பிடிக்காத கையை இன்னும் உயர்த்து, அடுத்த மாதம் வா" என்றார்கள். போனான். இப்போது அவர்களின் இரண்டாவது அணியில் புதுப் பந்து அவன் கையில்.