உங்கள் பேட்டையின் மக்கள்தொகை மாற்றத்தைக் கணக்கிடுவது எப்படி?

ஒரு வட்டாரத்தில் மக்கள் கூடினார்களா, குறைந்தார்களா என்று அறிய இரண்டு ஆண்டுகளின் எண்களை எடுத்துக் கழித்தால் போதும் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். போருக்குப் பிந்திய சிங்கப்பூரின் புறநகர்ப் பேட்டைகளுக்கு இந்தக் கழித்தல் கணக்கு உதவாது. குவீன்ஸ்டவுன், தோ பாயோ, அங் மோ கியோ போன்றவை சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய ஒரே வயதுடைய இளம் குடும்பங்களால் நிரம்பியவை. அந்தத் தலைமுறை சேர்ந்தே மூப்படையும்போது, ஒரு வீடுகூடக் காலியாகாமலேயே மக்கள்தொகை சரிந்துவிடும்.

முதலில் எல்லையை உறுதிசெய்துகொள்ளுங்கள். புள்ளிவிவரத் துறையின் வட்டார எண்கள், நகர மறுசீரமைப்பு ஆணையம் வகுத்துள்ள 55 திட்டமிடல் வட்டாரங்களை அடிப்படையாகக் கொண்டவை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய நகரின் எல்லை வேறு. தேர்தல் தொகுதியின் எல்லை வேறு. தொகுதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் கணக்குப் பார்த்து, எதுவும் பொருந்தாமல் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். நாட்டின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் பெருந்திட்டம் திருத்தப்படும்போது திட்டமிடல் வட்டாரங்களின் எல்லைகளும் மாறக்கூடும் என்பதால், ஒப்பிடும் இரு ஆண்டுகளுக்கும் ஒரே எல்லைதானா என்று பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, எண்ணப்பட்டவர்கள் யார் என்று கேளுங்கள். 2020 கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்த மக்கள்தொகை 5.69 மில்லியன், ஆனால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும் 4.04 மில்லியன். வட்டார அட்டவணைகள் இந்த இரண்டாம் எண்ணைத்தான் பிரித்துக் காட்டுகின்றன. ஆகவே, தங்குவிடுதிகளில் வாழும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை அவற்றில் தேடிப் பயனில்லை.

பழைய எண்களைக் கையாளும்போது இடைவெளியைக் கவனியுங்கள். 1947இல் சுமார் 938,000 ஆக இருந்த மக்கள்தொகை 1957இல் 1,446,000 ஆனது; அடுத்த கணக்கெடுப்பு 1970இல்தான் நடந்தது, அப்போது 2,075,000. முதல் இடைவெளியில் 54 விழுக்காடும் இரண்டாவதில் 43 விழுக்காடும் கூடியதாகச் சொன்னால் வேகம் சற்றே தணிந்ததுபோல் தோன்றும். உண்மையில் முன்னது 10 ஆண்டு, பின்னது 13 ஆண்டு. கூட்டு வளர்ச்சியாக ஆண்டுக்குக் கணக்கிட்டால் 4.4 விழுக்காடு 2.8 ஆகக் குறைந்திருப்பது தெரியும்.

இனி, பலரும் தவறவிடும் குடும்ப அளவுக்கு வருவோம். நாட்டின் சராசரிக் குடும்பத்தில் 1980இல் 4.9 பேர் இருந்தனர், 2020இல் 3.2 பேர். ஆயிரம் வீடுகள் கொண்ட ஒரு பகுதியை எடுத்துக்கொண்டால், அதே வீடுகளில் 4,900 பேர் வாழ்ந்த இடத்தில் இன்று 3,200 பேர் வாழ்வார்கள். அதைப் பார்த்து ‘பேட்டை காலியாகிறது’ என்று எழுதினால் அது தவறு. 1957இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கும் மேல் பிறந்தன. 1977 முதல் அந்த விகிதம், ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ளத் தேவையான 2.1க்குக் கீழேயே இருந்துவருகிறது. அங் மோ கியோவில் எங்கள் மூவறை வீட்டில் ஒரு காலத்தில் ஏழு பேர் பாய் விரித்துப் படுத்தோம். இன்று அங்கே என் அம்மாவும் பணிப்பெண்ணும் மட்டுமே இருக்கிறார்கள். கணக்கில் வருபவர் அம்மா ஒருவர்தான்!

பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதையும் அட்டவணையிலிருந்தே கண்டுபிடிக்கலாம். ஒரு வயதுப் பிரிவைப் பிடித்துக்கொண்டு அதைப் பின்தொடருங்கள். 2000இல் 20 முதல் 24 வயதில் இருந்தவர்கள் 2010இல் 30 முதல் 34 வயதில் இருப்பார்கள். அந்த வயதில் இறப்பு மிகக் குறைவு என்பதால், உங்கள் வட்டாரத்தில் அவர்களின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்திருந்தால், அவர்கள் பெரும்பாலும் வெளியேறியவர்களே. அதே வயதுப் பிரிவைப் புதிய பேட்டைகளான செங்காங்கிலும் பொங்கோலிலும் பார்த்தால் அங்கே வீங்கியிருக்கும். திருமணமாகிப் புது வீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள், வீடு கட்டப்படும் பேட்டைக்குத்தானே போக முடியும்?

தமிழர்களை மட்டும் தனியே பார்க்க விரும்புவோர் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். 1989 முதல் வீவக பேட்டைகளில் ஒவ்வோர் இனத்தவருக்கும் இவ்வளவு வீடுகள்தான் என்ற இன விகிதாசார வரம்பு நடப்பில் இருப்பதால், இந்தியர் விகிதம் விருப்பத்தை மட்டுமே காட்டுவதில்லை. அதற்கு முந்தைய இடப்பெயர்வுகளுக்கு அட்டவணையைவிடத் தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களும் கோயில் குடமுழுக்கு மலர்களுமே கைகொடுக்கும். செம்பவாங் கடற்படைத் தளத்தை ஒட்டி எழுந்த புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இன்று ஈசூனில் இருப்பதே அப்படியொரு தடயம்.

கடைசியாக, வட்டாரத்தின் மொத்த எண்ணோடு நிறுத்திவிடாமல் உட்பிரிவு வரை இறங்கிப் பாருங்கள். தோ பாயோ திட்டமிடல் வட்டாரத்துக்குள் பிடாடாரியும் அடங்கும். முன்பு இடுகாடாக இருந்த அந்நிலத்தில் இப்போது புதிய புளோக்குகள் எழுந்து, கைக்குழந்தையோடு குடும்பங்கள் குடியேறுகின்றன. மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்குத் தோ பாயோ இருப்பதைவிட இளமையாகத் தோன்றும்; லோரோங் எனப்படும் பழைய தெருக்களின் மின்தூக்கி வாசலில் ஊன்றுகோலோடு காத்திருப்பவர்கள் அந்தச் சராசரிக்குள் மறைந்துபோவார்கள்.