ஓக் தரையில் விழுந்த கறுப்பு வட்டம் போனது இப்படித்தான்

பூந்தொட்டியைத் தூக்கியதும் ஓக் மரத்தரையில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம். துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டுவது, வாசலின் தடவுவது எல்லாம் வெள்ளைக் கறைக்குத்தான் கேட்கும், அதில் ஈரம் மேல்பூச்சோடு நின்றுவிடுகிறது. இது அசையவே இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், மரம்தான் குழிந்தது. அப்புறம்தான் கவனித்தேன், தொட்டிக்கு அடியில் இருந்த இரும்பு வளையம் பட்ட இடம் மட்டுமே கறுப்பு, நடுவில் வெறும் மங்கல். ஓக்கில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், ஈரத்தில் இரும்போடு சேர்ந்து மையாகியிருக்கிறது. பூச்சைச் சுரண்டிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து அந்தப் பலகை முழுக்கவே தடவினேன். கறையில் மட்டும் தடவினால் வெளுத்த திட்டு தனியாகத் தெரியும். கறுப்பு பழுப்பாகி மெல்ல மறைந்தது, அப்பாடா! பலமுறை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பாலியூரிதேன் மேல்பூச்சு அடித்தாயிற்று. இடையில் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கும்போது மட்டும் முகக்கவசம் போடுங்கள், அந்த அமிலத் தூசு மூக்கை ஒரு வழி பண்ணிவிடும்.